ஆன்ட்டி டிபிஓ 612-ன்னு வந்திருக்கு, டிஎஸ்ஹெச் நார்மல். பயப்படணுமா?

மாடித்தோட்டம்_கொளத்தூர்
செவ்வாய், இரவு 11.52

வணக்கம். எனக்கு 34 வயசு. கொளத்தூர்ல இருக்கேன், அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில கணக்கு பார்க்கிறேன். பையன் ஒண்ணாவது படிக்கிறான். ரெண்டாவது குழந்தைக்கு ஒரு வருஷமா எதிர்பார்த்துட்டு இருக்கோம், தங்கல. ஆடி போகட்டும், தீபாவளி போகட்டும்னு தள்ளிப் போட்டு போன வாரம்தான் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "முதல்ல தைராய்டு பார்த்துட்டு வாம்மா"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. நேத்து காலைல ஏழரைக்கு வீட்டுக்கே ஒரு தம்பி வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாரு.

இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் வந்துச்சு. பையனுக்கு தோசை ஊத்திட்டு இருந்தேன். ஒரு கையில கரண்டி, ஒரு கையில போனு. திறந்து பார்த்தா கடைசி வரி மட்டும் செவப்பு எழுத்துல.

டிஎஸ்ஹெச் 3.8 (0.27-லேர்ந்து 4.2 வரைக்கும் சரியாம்)
ஃப்ரீ டி4 1.68 (0.93-லேர்ந்து 1.7)
ஆன்ட்டி டிபிஓ 612 (34-க்குக் கீழ இருக்கணுமாம்)

34 எங்க, 612 எங்க. 18 மடங்கு. தோசை கருகினது கூடத் தெரியல. நெட்ல தேடினா "உங்க உடம்பே உங்க தைராய்டை அழிக்குது"ன்னு எழுதியிருக்கான். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வெள்ளிக்கிழமை தான். வீட்டுக்காரருக்கு ஒரகடத்துல நைட் ஷிப்ட், அவருகிட்ட இன்னும் சொல்லல.

மத்த ரெண்டும் சரியா இருக்கும்போது இது மட்டும் ஏன் இவ்வளவு? இதைக் குறைக்க என்ன சாப்பிடணும்? குழந்தை தங்காததுக்கு இதுதான் காரணமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆறு மாசமா சோர்வு இருக்கு, முடியும் கொத்துக் கொத்தா கொட்டுது.


இயற்கைவழி_மேடவாக்கம்
புதன், காலை 6.10

சகோதரி, கவலை வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், சோயா மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறுங்கள். செலினியம் மாத்திரை ஒரு மண்டலம் எடுத்தால் ஆன்டிபாடி மளமளவென்று இறங்கும். என் மாமியாருக்கு 900 இருந்தது 400 ஆனது.


பழைய_லேப்_டெக்னீசியன்
புதன், காலை 8.35

அம்மா, முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரி தனியாக உட்கார்ந்து மனசுக்குள் பெருக்கிக்கொள்கிற அளவுக்கு இது பெரிய விஷயம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. திருவல்லிக்கேணிக்காரன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 29 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மருந்து, டோஸ் எல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். அந்தத் தாளில் இருக்கிற எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

டிபிஓ என்பது தைராய்டு சுரப்பிக்குள் இருக்கிற ஒரு நொதி. நாம் சாப்பிடும் அயோடினைப் பிடித்து ஹார்மோனோடு கோர்த்துக் கொடுப்பது அதன் வேலை. சிலருக்கு உடம்பின் காவல்படையான வெள்ளை அணுக்கள் சொந்தச் சுரப்பியையே அன்னியமாக நினைத்து உள்ளே புகுந்துவிடும். 1912-ல் ஜப்பான் டாக்டர் ஹகாரு ஹாஷிமோட்டோ நாலு பெண்களின் தைராய்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, சுரப்பி முழுக்க வெள்ளை அணுக்கள் குடியேறியிருப்பதை எழுதினார். அவர் பெயரில்தான் இன்றைக்கும் அந்த வியாதியைச் சொல்கிறோம். அப்படிப் புகுந்த இடத்தில் அந்த நொதிக்கு எதிராக உண்டாகும் ஆன்டிபாடி ரத்தத்தில் மிதக்கிறது. அதைத்தான் உங்கள் ரிப்போர்ட்டில் அளந்திருக்கிறார்கள்.

அந்த எண் பெரிதாக இருப்பதால் சுரப்பி அந்த அளவுக்குக் கெட்டுவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். ஆன்டிபாடி ஆயிரத்தைத் தாண்டியும் டிஎஸ்ஹெச் இரண்டிலேயே வருடக்கணக்கில் நிற்கிறவர்களின் ரத்தத்தை என் கையால் ஓட்டியிருக்கிறேன். ஆன்டிபாடி 90, டிஎஸ்ஹெச் 40 என்று வந்தவர்களும் உண்டு. சுரப்பி வேலை செய்கிறதா என்று சொல்வது டிஎஸ்ஹெச்சும் ஃப்ரீ டி4-ம். ஃப்ரீ டி4 என்பது சுரப்பி தருகிற ஹார்மோன். டிஎஸ்ஹெச் என்பது சுரப்பியை வேலை வாங்க மூளைப் பக்கமிருந்து வருகிற உத்தரவு. ஹார்மோன் குறைந்தால் உத்தரவு கூடும், ஹார்மோன் கூடினால் உத்தரவு குறையும். ஆன்டிபாடி சொல்வது, இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு வேலை குறையலாம், பார்த்துக்கொண்டே இருங்கள் என்பதை.

எவ்வளவு பேருக்குக் குறையும்? இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் 1972-ல் தொடங்கி 20 வருடம் ஒரே ஜனங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆன்டிபாடி மட்டும் இருந்து டிஎஸ்ஹெச் சரியாக இருந்த பெண்களில் வருடத்துக்கு நூற்றில் சுமார் 2 பேருக்குத்தான் தைராய்டு வேலை குறைந்தது. டிஎஸ்ஹெச்சும் கூடியிருந்த பெண்களில் 4 பேருக்குக் கொஞ்சம் மேல்.

இன்னொன்று. 34 என்பது உங்கள் லேபின் கிட் (பரிசோதனைக்கான ரசாயனத் தொகுப்பு) போட்ட கோடு. வேறு மெஷினில் அதே கோடு 60-ல் இருக்கும், 9-ல் கூட இருக்கும். பக்கத்து வீட்டம்மாவின் 90-ஐ எடுத்து உங்கள் 612-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள்.

மேடவாக்கம் நண்பருக்கு: நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இந்துப்பு விஷயத்தில் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவில் சாப்பாட்டுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கக் கூடாது என்று 2006-ல் சட்டம் திரும்ப வந்ததற்குக் காரணமே அயோடின் குறைவால் வருகிற கழுத்துக் கழலையும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக் குறைவும்தான். கர்ப்பத்தில் அயோடின் தேவை நாளைக்கு 150 மைக்ரோகிராமிலிருந்து 250-க்கு ஏறுகிறது. குழந்தைக்குக் காத்திருக்கிற பெண்ணிடம் போய் அயோடின் உப்பை நிறுத்தச் சொல்லாதீர்கள். அயோடின் அளவுக்கு மேல் போனாலும் தைராய்டுக்குக் கெடுதல்தான், அதனால் கடற்பாசி மாத்திரை மாதிரியானவையும் வேண்டாம். வழக்கமாகச் சமைக்கிற உப்பே போதும். வேகவைத்த கோஸ் பொரியல் யாருடைய தைராய்டையும் கெடுக்காது. செலினியம் சாப்பிட்டு ஆன்டிபாடி எண் இறங்கியதாக ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அதனால் சுரப்பி தேறியது, மாத்திரை தேவைப்படாமல் போனது என்று நிரூபணம் கிடைக்கவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி, அம்மா. ரிப்போர்ட்டைப் படித்ததிலிருந்து இது மனசில் உறுத்துகிறது. ஃப்ரீ டி4 மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு 1.68-ல் நிற்கிறது. அது அவ்வளவு இருந்தால் டிஎஸ்ஹெச் நன்றாகக் கீழே இறங்கி இருக்க வேண்டும். 3.8-ல் இருப்பது பொருந்தவில்லை. முடி கொட்டுகிறது என்றீர்களே, அதற்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ரத்தம் எடுத்த அன்று காலையில் அதைப் போட்டீர்களா?


மாடித்தோட்டம்_கொளத்தூர்
புதன், மதியம் 1.20

ஐயா, லஞ்ச் டைம்ல படிச்சேன். ரொம்ப நன்றி. காலைல அவரு வந்ததும் சொல்லிட்டேன்.

ஆமா, மாத்திரை சாப்பிடுறேன். நாத்தனார் சொன்னாங்கன்னு மெடிக்கல்ல வாங்கினேன். பயாட்டின், டப்பா மேல 10,000 எம்சிஜின்னு போட்டிருக்கு. மூணு மாசமா தினம் காலைல பல் தேய்ச்சதும் ஒண்ணு. வெறும் வயித்துல இருக்கணும், தண்ணி மட்டும் குடிக்கலாம்னு லேப்ல சொன்னாங்க. வைட்டமின் தானேன்னு அன்னிக்கும் ஆறு மணிக்குத் தண்ணியோட போட்டுட்டேன். அந்தத் தம்பி எதுவும் கேக்கல. அதனால ஏதாவது ஆகுமா?


பழைய_லேப்_டெக்னீசியன்
புதன், மாலை 4.05

ஆகும். அந்த ஆறு மணி மாத்திரைதான் என்று நினைக்கிறேன்.

நம் உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயாட்டின் 30 மைக்ரோகிராம். நீங்கள் சாப்பிடுவது பத்தாயிரம். அது உடம்புக்கு விஷம் இல்லை, மிச்சம் சிறுநீரில் போய்விடும். ஆனால் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும். உங்களுக்கு ரத்தம் எடுத்ததும் சரியாக அந்த நேரத்தில்.

பல தைராய்டு கிட்களில் இதே பயாட்டினைத்தான் ஒட்டுப் பசையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் சீரத்தில் (ரத்தம் உறைந்ததும் மேலே தெளிந்து நிற்கிற நீர்) இருக்கிற பொருளைப் பிடிக்கிற ஆன்டிபாடியின் வாலில் பயாட்டின் கட்டியிருக்கும். ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதம் பூசிய பொடிமணிகளில் அந்த வால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதிலிருந்து வருகிற வெளிச்சத்தை மெஷின் எண்ணும். உங்கள் ரத்தத்திலேயே பயாட்டின் கொட்டிக் கிடந்தால், பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டெல்லாம் பிடித்து வைப்பது போல, அது முதலில் போய் இடத்தை எல்லாம் பிடித்துக்கொள்ளும். கிட்டின் ஆன்டிபாடிக்கு உட்கார இடமில்லை. வெளிச்சம் குறைந்துவிடும்.

டிஎஸ்ஹெச் பரிசோதனையில் வெளிச்சம் குறைந்தால் அளவு குறைவு என்று மெஷின் எழுதும். ஃப்ரீ டி4-லும், உங்கள் லேப் மாதிரி 34-ஐக் கோடாக வைத்திருக்கிற கிட் வகையின் ஆன்ட்டி டிபிஓ-விலும் கணக்கு தலைகீழ். அங்கே வெளிச்சம் குறைந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். அதனால் ஒரே டியூப் ரத்தத்தில் டிஎஸ்ஹெச் பொய்யாக இறங்கும், மற்ற இரண்டும் பொய்யாக ஏறும். உங்கள் தாள் அந்த மாதிரிதான் இருக்கிறது. எல்லா மெஷினுக்கும் இது பொருந்தாது. பயாட்டின் தொந்தரவைத் தாங்குகிற மாதிரி புதிய கிட்களும் வந்துவிட்டன. உங்கள் லேபில் எது என்று கேட்டால் சொல்வார்கள்.

இதனால் நான் பயப்படுவது 612-க்காக இல்லை. நீங்கள் "சரியாக இருக்கிறது" என்று நிம்மதியாகத் தள்ளி வைத்த அந்த 3.8-க்காக. உண்மை அதைவிட மேலே இருக்கலாம். ஒரு வருடமாகக் குழந்தை தங்கவில்லை, சோர்வு, முடி கொட்டுகிறது என்கிற ஒருவருக்கு அது முக்கியம்.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் 70 வயதுப் பெரியவர் ஒருவரின் ரத்தம் வந்தது. டிஎஸ்ஹெச் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஃப்ரீ டி4 மிக அதிகம். டாக்டருக்கே சந்தேகம் வந்து போன் செய்தார். மஞ்சள் மூடி டியூப்பை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஜெல்லுக்கு மேலே சீரம் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் நின்றது. ரத்தச் சிவப்பு இல்லை, கொழுப்புக் கலங்கல் இல்லை. இரண்டாவது முறை ஓட்டினேன், அதே எண். மெஷினைச் சரிபார்க்க ஓட்டுகிற, அளவு தெரிந்த கன்ட்ரோல் மாதிரிகள் எல்லாம் கோட்டுக்குள். "ரிசல்ட் சரிதான் சார்" என்றேன். அவருக்குத் தைராய்டைக் குறைக்கிற மாத்திரை கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஆள் வீங்கி, குரல் கம்மி, நடக்க முடியாமல் வந்தார். கால் மரத்துப் போகிறது என்று யாரோ சொல்லி அதிக அளவு பயாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. என் மெஷினில் பழுதில்லை, சீரத்தில் பழுதில்லை. அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும் சேர்த்துத்தான். 2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டபோது அந்தப் பெரியவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அதனால் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் அந்த டப்பாவையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பொதுவாக இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்வார்கள். உங்கள் டோஸ் பெரிது, நீங்கள் என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நான் ஒரு வாரம் நிறுத்திவிட்டு எடுக்கச் சொல்வேன். அதே லேப், அதே காலை நேரம். டிஎஸ்ஹெச் விடியற்காலையில் கூடுதலாகவும் மத்தியானம் குறைவாகவும் இருக்கும், நேரம் மாறினால் ஒப்பிட முடியாது.


தாம்பரம்_சானடோரியம்
புதன், இரவு 9.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் சார். எனக்கும் ஆன்டிபாடி குழப்பம்தான். டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ், என்எஸ்1 நெகட்டிவ். காய்ச்சல் விட்டு மூணு மாசம் ஆச்சு, மாஸ்டர் செக்கப்புல சேர்த்துப் பார்த்தாங்க. இன்னும் டெங்கு இருக்கா?


பழைய_லேப்_டெக்னீசியன்
புதன், இரவு 9.40

இல்லை தம்பி. ஐஜிஜி என்பது வந்து போனதற்கான நினைவு, வருடக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். கிருமி இருந்தால் காட்டுவது காய்ச்சலின் முதல் நாட்களில் என்எஸ்1 என்ற கிருமியின் புரதம், நாலைந்து நாள் கழித்து ஐஜிஎம் என்ற முதல் ஆன்டிபாடி. காய்ச்சல் இல்லாதவருக்கு இதைப் பார்க்கவே தேவையில்லை. ஆனால் அடுத்த முறை காய்ச்சல் வந்தால் முன்பு டெங்கு வந்திருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டாவது முறை சிலருக்குக் கடுமையாக வரும்.


நங்கநல்லூர்_பாட்டுமாமி
வியாழன், காலை 10.30

கொளத்தூர் கண்ணு, எனக்கு ஹாஷிமோட்டோ வந்து 16 வருஷம் ஆறது. ஆன்டிபாடி முதல் தடவை ஆயிரத்துக்கு மேலன்னு வந்தது, அதுக்கப்புறம் எந்த டாக்டரும் அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லலை. எனக்கு இந்த ஆன்டிபாடி இருக்கறச்சேதான் சின்னவன் பிறந்தான், இப்போ பத்தாவது முடிக்கப் போறான்.

ஒரே ஒண்ணு சொல்றேன். தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சா காபியோட போடாதே. நாலு வருஷம் நான் அதைத்தான் பண்ணினேன். ஃபில்டர்ல முதல் டிகாக்ஷன் இறங்கினதும் ஒரு கையில டம்ளர், ஒரு கையில மாத்திரை. டிஎஸ்ஹெச் எட்டை விட்டு இறங்கவே இல்லை. டோஸை ஏத்திண்டே போனா. கடைசியில ஒரு சின்னப் பொண்ணு டாக்டர், "மாமி, காபி எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டா. ஒரு மணி நேரம் தள்ளினேன். அடுத்த டெஸ்ட்ல மூணு. கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி, நான் மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கறேன்.


மாடித்தோட்டம்_கொளத்தூர்
17 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.45

எல்லாருக்கும் தகவல் சொல்லணும்னு வந்தேன். டாக்டர் டப்பாவைப் பார்த்துட்டு, "நல்ல வேளை கொண்டு வந்தே"ன்னாங்க. ஒரு வாரம் நிறுத்திட்டு அதே லேப்ல எடுத்தோம். இந்தத் தடவை வந்த தம்பிகிட்ட நானே சொல்லி, சீட்டுல எழுதச் சொன்னேன்.

டிஎஸ்ஹெச் 7.4
ஃப்ரீ டி4 1.05
ஆன்ட்டி டிபிஓ 241

ஐயா சொன்னது அப்படியே. முதல் ரிப்போர்ட்டை நம்பி "தைராய்டு நார்மல்"னு வேற வேற டெஸ்ட்டுக்கு அலைஞ்சிருப்போம். இப்போ தைராக்சின் 50 எம்சிஜி ஆரம்பிச்சிருக்காங்க, ஃபோலிக் ஆசிடும் சேர்த்து. குழந்தைக்கு முயற்சி பண்றதால டிஎஸ்ஹெச்சை 2.5-க்குக் கீழ கொண்டுவரணும்னாங்க. நாள் தள்ளிப் போனா அன்னிக்கே வரணும், டோஸை ஏத்தணும்னு சொல்லியிருக்காங்க. முதல் மூணு மாசம் குழந்தைக்கு அம்மாவோட தைராய்டு ஹார்மோன்தானாம்.

ரெண்டு சந்தேகம். 612 இருந்தது 241 ஆயிருக்கே, குறைஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாமா? அடுத்த டெஸ்ட் எப்போ, அன்னிக்குக் காலைல மாத்திரை போடலாமா?


பழைய_லேப்_டெக்னீசியன்
ஞாயிறு, இரவு 7.20

ரொம்ப சந்தோஷம் அம்மா. படித்ததும் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

குறைந்தது என்று எடுக்க வேண்டாம். முதல் எண்ணில் பயாட்டின் கலந்திருந்தது, 241-தான் உங்கள் சொந்த எண். உங்களுக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்ற செய்தி கிடைத்துவிட்டது, அதன் வேலை அவ்வளவுதான். மாத்திரை ஆன்டிபாடியைக் குறைப்பதற்காகக் கொடுப்பதில்லை, சுரப்பி செய்ய முடியாத மிச்ச வேலையைச் செய்யக் கொடுப்பது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பணம் செலவழிக்காதீர்கள். ஆன்டிபாடி இருந்து டிஎஸ்ஹெச் சரியாக இருக்கிற பெண்களுக்கும் இதே 50 எம்சிஜி கொடுத்தால் குழந்தைப்பேறு கூடுமா என்று இங்கிலாந்தில் 952 பெண்களை வைத்துப் பார்த்தார்கள், 2019-ல் முடிவு வந்தது, கூடவில்லை. உங்களுக்கு டிஎஸ்ஹெச்சே ஏறியிருப்பதால்தான் டாக்டர் கொடுத்திருக்கிறார்.

தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால் டோஸ் நிலைக்கு வர ஆறு வாரம் வேண்டும். டாக்டர் தேதி குறித்திருந்தால் அதன்படி. அன்று காலை முதலில் ரத்தம், பிறகு மாத்திரை.


மாடித்தோட்டம்_கொளத்தூர்
ஞாயிறு, இரவு 9.05

சரிங்க ஐயா. மாமி, காபி விஷயம் நல்ல நேரத்துல சொன்னீங்க. எங்க தெருவுல மெட்ரோ தண்ணி காலைல அஞ்சரைக்கு வரும், மோட்டார் போட எப்படியும் எழுந்துடுவேன். மாத்திரையை சுவிட்ச் பக்கத்து ஷெல்ஃப்லயே வெச்சுட்டேன். மோட்டார் போட்டதும் மாத்திரை, ஆறரைக்குப் பையனை எழுப்பிட்டு காபி. நாத்தனாருக்கும் போன் பண்ணிட்டேன், அவங்களும் அதே பயாட்டின் தான் சாப்பிடுறாங்க, அடுத்த வாரம் அவங்களுக்கும் தைராய்டு டெஸ்ட் இருக்கு.